செல்லப் பெயரும் டாக்டரின் சீட்டும்: லத்தீனோ குழந்தைகளின் உடல் பருமனில் பெற்றோரின் பங்கு

அமெரிக்காவில் வாழும் மெக்சிக்கக் குடும்பங்களில் குழந்தைகளை 'கோர்தீத்தோ' என்று செல்லமாகக் கூப்பிடுவது வழக்கம். பெண் குழந்தை என்றால் 'கோர்தீத்தா'. தமிழில் சொன்னால் 'குண்டுப் பையா', 'குண்டும்மா' என்பது போல. அதில் கேலி இல்லை, பாசம்தான். 'குழந்தை கொழுகொழுன்னு இருக்கு' என்று தமிழ்நாட்டுப் பாட்டிகள் சொல்லும்போது இருக்கும் அதே திருப்தி அதிலும் இருக்கிறது. குழந்தை குண்டாக இருந்தால் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று அர்த்தம்.

அதே குழந்தையை எட்டு வயதில் டாக்டரிடம் அழைத்துப் போனால், அவர் சீட்டில் எழுதுவது வேறு வார்த்தை: உடல் பருமன். அம்மாவுக்குக் குழப்பம் வருகிறது, பிறகு கோபம் வருகிறது, கடைசியில் குற்ற உணர்ச்சி வருகிறது. 'என் பிள்ளைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனா?' என்று அவள் கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பிலிருந்து ரெடிமேட் பதில்கள் உண்டு. 'ஆமாம், எல்லாம் பெற்றோர் தப்பு' என்கிறது ஒரு தரப்பு. 'இல்லை, வறுமையும் கம்பெனிகளும்தான் காரணம், பெற்றோர் பாவம்' என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுமே பாதி உண்மைதான். பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் உடம்பைச் சரிசெய்ய முடியாது.

பிரச்சினை எவ்வளவு பெரியது?

முதலில் கணக்கைப் பார்க்கலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 முதல் 2020 மார்ச் வரை எடுத்த கணக்குப்படி, 2 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 19.7 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. அதாவது சுமார் 1 கோடியே 47 லட்சம் பிள்ளைகள். இதை இனவாரியாகப் பிரித்தால், ஹிஸ்பானிக் பிள்ளைகளில் 26.2 சதவீதம், கறுப்பினப் பிள்ளைகளில் 24.8 சதவீதம், வெள்ளையர்களில் 16.6 சதவீதம், ஆசியர்களில் 9 சதவீதம். லத்தீனோ குழந்தைகளில் நாலில் ஒருவருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே 'உடல் பருமன்' என்பது கண்ணால் பார்த்துச் சொல்வது அல்ல. பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டினால் பருமன் என்று ஒரே கோடுதான். வளரும் பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, வளர்ச்சி அட்டவணையில் 95-வது சதமானத்தையோ அதற்கு மேலோ தொட்டால்தான் பருமன். 85-க்கும் 95-க்கும் இடையில் இருந்தால் அதிக எடை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லத்தீனோ என்பது ஒரே மக்கள் கூட்டம் இல்லை. மெக்சிக்கர், புவேர்ட்டோ ரிக்கர், கியூபர், எல் சல்வடோர்காரர், டொமினிக்கர் என்று பல நாட்டு வேர்கள் உள்ளவர்கள். ஒருவர் வீட்டுச் சமையல் இன்னொருவர் வீட்டில் இருக்காது. ஆகவே 'லத்தீனோ சாப்பாடே கொழுப்புதான்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவது தவறு. அவர்களில் பெரும்பான்மையினர் மெக்சிக வேர் உள்ளவர்கள் என்பதால் இங்கே உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருகின்றன.

குண்டாக இருந்தால் என்ன, வளர்ந்தால் சரியாகிவிடாதா? பல வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் இது. ஆனால் ஒரு காலத்தில் பெரியவர்களுக்கு மட்டுமே வரும் என்று நினைத்த இரண்டாம் வகை சர்க்கரை நோய் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வருகிறது. ஈரலில் கொழுப்பு படியும் நோயும் அப்படியே. இந்த ஈரல் நோய் லத்தீனோ பிள்ளைகளிடம் அதிகம். அதற்கு ஒரு பரம்பரைக் காரணமும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகர மக்களை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, ஈரலில் கொழுப்பைச் சேரவைக்கும் ஒரு மரபணு மாற்றம் மற்றவர்களைவிட ஹிஸ்பானிக் மக்களிடம் அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தது. பரம்பரையை யாரும் மாற்ற முடியாது. மாற்ற முடியாதது ஒன்று இருக்கும்போது, மாற்ற முடிந்ததில் இரட்டிப்புக் கவனம் வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

பாசம் எங்கே வழி தவறுகிறது?

பசியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சாப்பாட்டின் அருமை தெரியும். கிராமத்தில் வறுமையில் வளர்ந்து, எல்லை தாண்டி வந்து, தோட்டத்திலோ ஹோட்டல் சமையலறையிலோ உழைக்கும் ஓர் அப்பா, 'எனக்குக் கிடைக்காதது என் பிள்ளைக்குக் கிடைக்கட்டும்' என்று நினைப்பதில் என்ன தப்பு? பிள்ளை கேட்ட பொம்மையையோ நல்ல வீட்டையோ வாங்கித்தர அவரால் முடியாது. ஒரு பாட்டில் சோடாவும் ஒரு பாக்கெட் சிப்ஸும் வாங்கித்தர முடியும். ஏழை வீட்டில் 'சரி' என்று சொல்லக் கிடைக்கும் சில சந்தர்ப்பங்களில் தீனியும் ஒன்று.

இதை ஆராய்ச்சியாளர்களும் கவனித்திருக்கிறார்கள். ஹூஸ்டன் நகரில் பேலர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஷெரில் ஹியூஸ், வருமானம் குறைந்த ஹிஸ்பானிக், கறுப்பினக் குடும்பங்களில் பெற்றோர் எப்படிச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அன்பு நிறைய, கட்டுப்பாடு குறைவு என்று கேட்டதையெல்லாம் கொடுக்கும் வீடுகளில் குழந்தைகளின் எடை அதிகமாக இருந்ததை அவரது ஆய்வுகள் காட்டின.

அப்படியென்றால் கண்டிப்பாக இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. குழந்தைகளின் உணவுப் பழக்கம் பற்றி அமெரிக்காவில் அதிகம் ஆராய்ந்த லியான் பர்ச், ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் காட்டிவிட்டு 'தொடாதே' என்று தடுத்தால் அதன் மேல் குழந்தைக்கு ஆசை கூடுகிறது என்று காட்டினார். 'தட்டைக் காலி செய்தால்தான் எழுந்திருக்கலாம்' என்று வற்புறுத்துவதும் கெடுதல்தான். போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்கும் பழக்கம் குழந்தைக்குப் போய்விடுகிறது. லத்தீனோ வீடுகளில் இந்த இரண்டாவது பழக்கம் நன்றாகவே உண்டு. பெரியவர்களுக்கு மரியாதை என்பது அங்கே பெரிய விஷயம். பாட்டி வைத்த சாப்பாட்டை மிச்சம் வைப்பது அவமரியாதை.

இன்னொரு சிக்கல், பருமன் பெற்றோரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இது லத்தீனோக்களுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் வெளியான ஒரு தொகுப்பில், அதிக எடை உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் சுமார் பாதிப் பேர் தங்கள் குழந்தை சரியான எடையில்தான் இருக்கிறது என்று நினைத்தார்கள். வகுப்பில் நாலில் ஒரு பிள்ளை குண்டாக இருக்கும் ஊரில், குண்டாக இருப்பதே சாதாரணமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லலாமா?

இந்த இடத்தில் 'பார்த்தீர்களா, பெற்றோர்தான் காரணம்' என்று முடித்துவிடுபவர்கள் நிறைய. கொஞ்சம் பொறுங்கள்.

ஊரில் இருந்தவரை இவர்கள் சாப்பிட்டது என்ன? பீன்ஸ், மக்காச்சோள டோர்ட்டியா, பூசணி, தக்காளி, மிளகாய், நோப்பால் எனப்படும் கள்ளிச் சதை. நார்ச்சத்தும் புரதமும் நிறைந்த உணவு இது. அமெரிக்காவில் வாழும் ஆண்டுகள் கூடக்கூட பீன்ஸ் குறைகிறது, துரித உணவு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அம்மா சமையலை மறக்கவில்லை. இரண்டு வேலைகளுக்கு நடுவில் பீன்ஸ் வேக நேரம் இல்லை, அவ்வளவுதான்.

விளம்பரக் கம்பெனிகளும் சும்மா இல்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ரட் மையம் பல ஆண்டுகளாக வெளியிட்ட அறிக்கைகளைப் பார்த்தால், ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியில் உணவு விளம்பரங்களுக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி துரித உணவு, மிட்டாய், இனிப்புப் பானம், நொறுக்குத்தீனி ஆகியவற்றுக்கே போகிறது. தாய்மொழியில் பேசும் விளம்பரத்துக்கு இருக்கும் பலம், ஆங்கிலத்தில் அச்சடித்த சுகாதாரத் துண்டுப் பிரசுரத்துக்கு எப்படி வரும்?

அரசின் பங்கும் உண்டு. அரசு உதவி பெறுபவர்களுக்கு நிரந்தரக் குடியுரிமை அட்டை மறுக்கப்படலாம் என்று 2019-ல் டிரம்ப் அரசு ஒரு விதியை அறிவித்தது. 2020 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது, 2021 மார்ச்சில் கைவிடப்பட்டது. விதியில் இல்லாத உதவிகளைக்கூடப் பயத்தில் பல குடும்பங்கள் விட்டுவிட்டன. கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சத்துணவு தரும் 'விக்' திட்டம் அந்த விதியில் இல்லை. அதிலிருந்தும் விலகினார்கள். அந்தத் தாய்மார்களிடம் போய் 'ஏன் பழம் வாங்கித் தரவில்லை?' என்று கேட்பது நியாயமா?

அதற்காகப் பெற்றோருக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் தென் பகுதியில் லத்தீனோக்களும் கறுப்பின மக்களும் அதிகம். அங்கே தனிக் கட்டடத்தில் புதிய துரித உணவுக் கடை திறக்க 2008-ல் நகராட்சி தடை போட்டது. 2015-ல் ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து பார்த்தபோது, தடைக்குப் பிறகும் அங்கே பருமன் குறையவில்லை, கூடியிருந்தது. பழைய கடைகள் அப்படியே இருந்தன, மூலைக்கடைகளில் சோடாவும் சிப்ஸும் தாராளமாகக் கிடைத்தன. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் போதுமா? அதற்கும் ஒரு சாட்சி உண்டு. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 610 பெற்றோர் - குழந்தை ஜோடிகளைச் சேர்த்து மூன்று ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தினார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹிஸ்பானிக். பாதிப் பேருக்குச் சத்துணவு, உடற்பயிற்சி, குழந்தை வளர்ப்பு பற்றிய வகுப்புகள். 2018-ல் முடிவு வெளியானது. குழந்தைகள் சாப்பிடும் கலோரி கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் பி.எம்.ஐ.யில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நல்ல மனசு உள்ள பெற்றோர், நல்ல பயிற்சி, மூன்று ஆண்டு உழைப்பு. அதற்கே இந்த நிலை என்றால், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'சாப்பாட்டைக் குறையுங்கள்' என்று அனுப்பிவைக்கும் டாக்டரின் அறிவுரை என்ன செய்துவிடும்?

வீட்டுக்குள் செய்யக்கூடியவை

பெற்றோரால் எல்லாம் முடியாது, ஆனால் அவர்கள் இல்லாமல் எதுவும் முடியாது. அவர்களால் முடிந்தவற்றில் பலன் அதிகம் தருபவை எவை என்று பார்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் பானம். 355 மில்லி கோக் கேன் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2016-ல் சொன்ன வரம்பு, 2 முதல் 18 வயது வரை ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குக் கீழே. இரண்டு வயதுக்குள் சர்க்கரை சேர்க்கவே கூடாது. ஒரே கேனில் ஒன்றரை நாள் கணக்கு தீர்ந்துபோகிறது. பழரசம், அரிசியில் செய்யும் ஓர்ச்சாத்தா போன்றவை 'நம்ம ஊர்ப் பானம்' என்பதால் நல்லது என்று நினைப்பதும் தவறு. சர்க்கரைக்கு ஊர் கிடையாது. ஒரு வயதுக்குள் பழரசமே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-ல் சொன்னது. சோடாவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வைக்கத் தனியாகச் சமைக்க வேண்டாம், நேரம் ஒதுக்க வேண்டாம், காசும் மிச்சம். இரண்டு வேலை பார்க்கும் அம்மாவாலும் முடிகிற மாற்றம் இது.

இரண்டாவது, வேலைப் பிரிவினை. எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும் என்பது சத்துணவு நிபுணர் எல்லின் சாட்டர் சொன்ன முறை. கேட்டதையெல்லாம் கொடுப்பதற்கும் தட்டைக் காலி செய்யச் சொல்வதற்கும் நடுவில் உள்ள வழி இது. வீட்டில் வாங்கி வைக்காத சிப்ஸைத் தடுக்க வேண்டிய அவசியமே வராது.

மூன்றாவது, குண்டான பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம் போடக் கூடாது. அண்ணனுக்குச் சோடா, தம்பிக்குத் தண்ணீர் என்றால் அது வைத்தியம் அல்ல, தண்டனை. மாறினால் வீடே மாற வேண்டும். இங்கேதான் லத்தீனோ குடும்பங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. குடும்பம் என்றால் பாட்டி, அத்தை, மாமா எல்லோரும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் பாட்டிதான். பாட்டியைச் சேர்த்துக்கொள்ளாமல் அம்மா மட்டும் போடும் திட்டம் மதியமே தோற்றுவிடும். அவர்களிடம் 'நீங்கள் கொடுப்பது தப்பு' என்று சொல்வதைவிட 'உங்கள் காலத்துப் பீன்ஸும் நோப்பாலும் மறுபடி வேண்டும்' என்று கேட்டால் காரியம் நடக்கும். அப்பாவும் இதில் சேர வேண்டும். வேலை முடிந்து வரும் அப்பா கையில் சோடா பாட்டில் இருக்கும்வரை அம்மாவின் பேச்சு எடுபடாது.

நான்காவது, வார்த்தைகள். 'கோர்தீத்தோ' என்ற செல்லத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதே சொல் பிள்ளை வளர்ந்த பிறகு கேலியாக மாறும் நாள் ஒன்று வரும். எடையை வைத்துக் கேலி செய்தால் பிள்ளைகள் மெலிவதில்லை, மனம் உடைந்து இன்னும் அதிகமாகச் சாப்பிடுகிறார்கள், விளையாட்டிலிருந்து ஒதுங்குகிறார்கள் என்று 2017-ல் குழந்தை மருத்துவர் கழகம் எச்சரித்தது. பள்ளியில் கேலி கிடைக்கும் பிள்ளைக்கு வீட்டிலாவது அது கிடைக்கக் கூடாது.

வீட்டுக்கு வெளியே செய்யக்கூடியவை

பெற்றோரின் பங்கு சமையலறையோடு முடிந்துவிடுவதில்லை. உதவி கொஞ்சம் மாறினாலே பலன் தெரியும் என்பதற்கு 'விக்' திட்டமே உதாரணம். 2009-ல் அந்த உணவுப் பட்டியலில் பழம், காய்கறி, முழுத் தானியம் சேர்ந்தன. ரொட்டிக்குப் பதில் மக்காச்சோள டோர்ட்டியா வாங்கிக்கொள்ளலாம் என்றும் வந்தது. அதன் பிறகு, இத்திட்டத்தில் இருந்த 2 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் பருமன் 2010-ல் 15.9 சதவீதமாக இருந்தது 2016-ல் 13.9 சதவீதமாகக் குறைந்தது. சிறிய இறக்கம்தான், இதற்கு அது ஒன்றே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அவர்களுடைய சாப்பாட்டை மதித்துச் செய்த மாற்றம் அது.

தாய்நாட்டிலும் காற்று மாறியிருக்கிறது. மெக்சிகோ 2014-ல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பேசோ வரி போட்டது. அந்த ஆண்டே விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. 2020-ல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை வந்தது. 2025 மார்ச் கடைசியில் பள்ளிகளில் நொறுக்குத்தீனி விற்பனைக்கே தடை வந்தது. அமெரிக்காவில் வாழும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கூட்டங்களில் இதைச் சொல்லிக் கேட்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி வாரியம் 2002-லேயே சோடா விற்பனையை நிறுத்தத் தீர்மானித்தது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2023 ஜனவரியில் குழந்தை மருத்துவர் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, பருமன் உள்ள பிள்ளைக்கு 3 முதல் 12 மாதங்களில் குறைந்தது 26 மணி நேரம், குடும்பத்தோடு சேர்த்து நேரில் ஆலோசனை வேண்டும் என்கிறது. ஸ்பானியம் மட்டுமே பேசும், மணிக்கணக்குக் கூலி வாங்கும் ஓர் அம்மா அந்த 26 மணி நேரத்தை எங்கே தேடுவாள்? ஆங்கிலம் தெரிந்த பத்து வயது மகனே தன் உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் நிலை இருந்தால், அந்த ஆலோசனையால் என்ன பயன்? அவர்கள் மொழியில், அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில், அவர்கள் பேட்டையில் இந்த உதவி கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்காத வரை பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: அவள் கெடுதல் செய்யவில்லை. பசி இருந்த ஊரில் சரியாக இருந்த பாசம், சர்க்கரை மலிவாகக் கிடைக்கும் ஊரில் சரியாக இல்லை. பாசத்தைக் குறைக்க வேண்டாம், காட்டும் வழியை மாற்றினால் போதும். அதை முதலில் தொடங்க வேண்டியவர்கள் பெற்றோர். தனியாக விடப்படக் கூடாதவர்களும் அவர்களே.